கோப்பு திறந்துவிட்டது என்பதோடு சோதனை முடிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் நிரலாக்கத் தொடரில், கோப்புகளைப் படிப்பது, எழுதுவது பற்றிய பகுதி எளிமையாகவும் தெளிவாகவும் இருந்தது. ஆனால் பிழைகளைப் பற்றி அதில் இருப்பது ஒரே ஒரு அறிவுரைதான்: கோப்பு திறந்ததா என்று பார், திறக்கவில்லை என்றால் ஒரு செய்தி காட்டிவிட்டு வெளியேறு. அதன் பிறகு வரும் மாதிரி நிரல்களில் படிக்கும் இடத்திலோ எழுதும் இடத்திலோ மூடும் இடத்திலோ எந்தச் சோதனையும் இல்லை. தொடக்கநிலைப் பாடங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. உண்மையில், திறக்கும்போது வரும் பிழைதான் இருப்பதிலேயே சாதுவானது. நிரல் அங்கேயே நின்றுவிடும். யாருடைய தரவும் பாழாகாது. தரவைப் பறிகொடுக்க வைப்பவை எழுதும்போதும் மூடும்போதும் வரும் பிழைகள். அவற்றைச் சோதிக்கப் பழகாமலேயே மாணவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திறப்பதிலிருந்தே தொடங்கலாம். சி மொழியில் கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் ஃபங்ஷன் தோற்றால் நல் (NULL) என்ற வெற்று மதிப்பு வரும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் காரணம் எர்நோ மாறியில் எண்ணாக இருக்கும். லினக்ஸில் 2 என்றால் அந்தக் கோப்போ, பாதையில் உள்ள ஏதாவது ஒரு ஃபோல்டரோ இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 21 என்றால் எழுதத் திறந்த பெயர் கோப்புடையது அல்ல, ஒரு ஃபோல்டருடையது. 24 என்றால் இந்த நிரல் ஏற்கெனவே வரம்பு மீறிக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதில் குற்றம் இப்போது திறக்கும் கோப்பின் மேல் இல்லை; முன்பு எங்கோ மூடாமல் விட்ட கோப்புகளின் மேல்தான். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரலுக்கான வழக்கமான வரம்பு 1024. வளையத்துக்குள் திறந்துவிட்டு மூட மறந்த நிரல், பத்து கோப்புகளை வைத்துச் சோதிக்கும்போது அழகாக ஓடும். ஆயிரத்தைத் தாண்டியதும் விழும். "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற ஒற்றை வாக்கியம் இந்த நான்கு காரணங்களையும் மூடி மறைத்துவிடுகிறது. பிழைச் செய்தியில் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும்: என்ன செய்ய முயன்றோம், எந்தக் கோப்பில், இயங்குதளம் சொன்ன காரணம் என்ன. கோப்பின் பெயரை முழுப் பாதையோடு காட்டுவது நல்லது. "கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம், நிரல் வேறொரு ஃபோல்டரிலிருந்து ஓடுவதுதான்.

எர்நோவைப் பயன்படுத்துவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பிழை வந்ததும் முதலில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டு, அதற்கடுத்த வரியில் எர்நோவைப் பார்த்தால், இடையில் நடந்த அந்த பிரிண்ட்எஃப் எர்நோவை மாற்றியிருக்கக்கூடும். தோற்ற அழைப்புக்கு அடுத்த வரியிலேயே அதை வேறொரு மாறியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பழக்கம், கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு திறப்பது. பார்த்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவில் வேறொரு நிரல் அதை அழிக்கலாம் அல்லது உருவாக்கலாம். ஆகவே அந்தச் சோதனை எதற்கும் உத்தரவாதம் இல்லை. நேரடியாகத் திறந்து பார்த்துத் தோல்வியைக் கையாளுவதே சரி. ஏற்கெனவே உள்ள கோப்பை மேலெழுதக் கூடாது என்றால் சி மொழியில் எழுதும் முறையோடு எக்ஸ் என்ற எழுத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும்; பைத்தானில் எழுதும் முறைக்குப் பதிலாக எக்ஸ் கொடுக்க வேண்டும். இது சி மொழியின் 2011 தரத்திலும் பைத்தான் 3.3 முதலும் இருக்கிறது. கோப்பு இருந்தால் திறப்பே தோற்கும். பார்ப்பதும் உருவாக்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாகிவிடும்.

படிப்பதில் வரும் பிழைகளில் மிகப் பழையது கோப்பு முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப்பை வளையத்தின் நிபந்தனையாக வைப்பது. கோப்பின் முடிவை எட்டப்போகிறோம் என்று அந்த ஃபங்ஷன் முன்கூட்டிச் சொல்லாது. முடிவைத் தாண்டிப் படிக்க முயன்று தோற்ற பிறகுதான் அது உண்மை என்று திரும்பும். அதனால் கடைசி வரி இரண்டு முறை செயலாக்கப்படுகிறது, கூட்டுத்தொகை தப்பாக வருகிறது. எஃப்கெட்எஸ் போன்ற படிக்கும் ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது என்பதையே வளையத்தின் நிபந்தனையாக வைத்து, வளையம் முடிந்த பின், பிழை வந்ததா என்று சொல்லும் எஃப்எரரைக் கேட்க வேண்டும். எஃப்கெட்எஸ் நல் தருவது கோப்பு முடிந்ததாலும் இருக்கலாம், டிஸ்க் படிக்க முடியாமல் எண் 5 பிழை வந்ததாலும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் பாதிக் கோப்பைப் படித்துவிட்டு முழுதும் முடிந்ததாக நிரல் நம்பிவிடும். ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் எஃப்கெட்சி தரும் மதிப்பை, ஒரு பைட் மட்டுமே கொள்ளும் சார் மாறியில் வாங்குவதும் இதே வகைதான். அது இன்ட் என்ற பெரிய முழு எண் வகையில் மதிப்பைத் தருகிறது. முடிவுக் குறி வழக்கமாக -1. சார் குறியுடைய வகையாக உள்ள கணினியில், கோப்பின் நடுவில் 255 என்ற பைட் வந்தாலே முடிவு என்று நின்றுவிடும். குறியற்ற வகையாக உள்ள கணினியில் முடிவே வராது, வளையம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழ் உரையைக் கையாளுகிறவர்களுக்கு எழுத்துக் குறியாக்கப் பிழை தனித் தலைவலி. யுடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் 3 பைட். "கி" என்று எழுதினால் ககரமும் கொக்கியும் சேர்ந்து 6 பைட். கோப்பை 4096 பைட் துண்டுகளாகப் படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி இல்லாத தமிழ் உரையில் 1365 குறிகள் 4095 பைட்டை நிரப்பும். மிச்சம் உள்ள ஒரு பைட் அடுத்த குறியின் முதல் மூன்றிலொரு பங்கு. ஜாவாவில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஸ்டிரிங் ஆக்கினால் எந்தப் பிழையும் எழாது. வெட்டுப்பட்ட இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் மட்டும் உட்கார்ந்திருக்கும். அங்கே பைட்டுகளை எழுத்தாக்கும் வேலையை ரீடர் வகுப்புகளிடம் விட்டுவிட வேண்டும். அவை துண்டின் மிச்சத்தை நினைவில் வைத்து அடுத்த துண்டோடு சேர்க்கும். பைத்தான் 3.14 வரையான பதிப்புகளில் குறியாக்கத்தைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், பல விண்டோஸ் கணினிகளில் தமிழே இல்லாத 1252 குறியாக்கம் எடுத்துக்கொள்ளப்படும். எழுதும்போது யூனிகோடுஎன்கோடுஎரர் வரும். அது வேல்யூஎரர் குடும்பம். இயங்குதளப் பிழையான ஓஎஸ்எரரைப் பிடிக்க வைத்திருக்கும் எக்செப்ட் பகுதி அதைப் பிடிக்காது. அதைவிட மோசம், எழுதும் முறையில் திறந்த கணத்திலேயே பழைய உள்ளடக்கம் 0 பைட் ஆகிவிட்டது. புதியதும் ஏறவில்லை, பழையதும் இல்லை. குறியாக்கப் பிழையை "கண்டுகொள்ளாதே" என்று அமைத்து வாயை அடைப்பது தீர்வு ஆகாது. எழுத்துகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இனி எழுதுவது. இந்தக் கடிதத்தின் காரணமே இதுதான்.

சி மொழியில் கோப்பில் எழுதும் எஃப்பிரிண்ட்எஃப் வெற்றி என்று சொன்னால் தரவு டிஸ்கில் ஏறிவிட்டது என்று பொருள் இல்லை. நிரலின் நினைவகத்தில் உள்ள பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் போய் விழுந்தது என்பதே பொருள். பஃபர் நிரம்பும்போதோ, கோப்பை மூடும்போதோதான் அது இயங்குதளத்திடம் போகிறது. பஃபர் 4096 பைட் என்று கொள்வோம். நாம் எழுதுவது 300 பைட் அளவில் பத்துப் பதிவுகள், மொத்தம் 3000 பைட். டிஸ்க் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. பத்து எஃப்பிரிண்ட்எஃப் அழைப்புகளும் வெற்றி என்றே சொல்லும். ஒவ்வொன்றையும் அக்கறையோடு சோதித்திருந்தாலும் பயன் இல்லை. கோப்பை மூடும் எஃப்குளோஸ் நடக்கும்போதுதான் 3000 பைட்டும் வெளியே தள்ளப்பட்டு, எண் 28, அதாவது டிஸ்கில் இடமில்லை என்ற பிழை வரும். எஃப்குளோஸ் திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காத நிரல் "சேமிக்கப்பட்டது" என்று திரையில் காட்டிவிட்டு வெற்றி என்று பொருள்படும் 0 என்ற வெளியேற்ற எண்ணோடு முடியும். அந்த 0-வை நம்பி, நகல் எடுத்தாயிற்று என்று மூலக் கோப்பை அழிக்கும் அடுத்த கட்டளை ஓடினால் இரண்டும் போயிற்று. நெட்வொர்க் வழியே இணைத்த டிஸ்கிலும் ஒதுக்கீடு தீர்ந்துபோன பிழை மூடும்போதுதான் வெளிப்படக்கூடும்.

இதை எந்தக் கணினியையும் கெடுக்காமல் பார்த்துவிடலாம். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்றொரு சிறப்புக் கோப்பு இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழையே வரும். பாடங்களின் முதல் நிரலான "ஹலோ வேர்ல்டு" நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு, பிறகு டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து எக்கோ செய்து வெளியேற்ற எண்ணைப் பாருங்கள். சி மொழியில் வழக்கமாக எழுதப்படும் வடிவம் 0 என்று சொல்லும். ஒரு எழுத்துகூட வெளியே போகவில்லை, நிரலோ வெற்றி என்கிறது. முடிவில் பஃபரை வெளியே தள்ளும் எஃப்ஃபிளஷ் செய்து அதன் மதிப்பையும் எஃப்எரரையும் பார்த்துவிட்டு வெளியேறும் வடிவத்தில் 1 வரும். பைத்தான் 3.6 முதல் இந்த இடத்தில் 120 என்ற எண்ணோடு முடிகிறது. கேட், எல்எஸ் போன்ற குனூ கட்டளைகள் வெளியேறும் முன் வெளியீட்டைத் தாமே மூடிப் பார்த்துப் பிழையைச் சொல்லிவிடுகின்றன.

பஃபர் இல்லாமல் நேரே இயங்குதளத்தின் ரைட் அழைப்பைப் பயன்படுத்தினாலும் கவனம் குறையக் கூடாது. 10,000 பைட் கொடுத்தால் 6,000 மட்டும் எழுதிவிட்டு 6,000 என்று திரும்ப அதற்கு உரிமை உண்டு. அது பிழை அல்ல; மிச்சத்தை நாம்தான் மீண்டும் கொடுக்க வேண்டும். -1 வந்ததா என்று மட்டும் பார்க்கும் நிரல் 4,000 பைட்டைத் தொலைத்துவிடும். இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் சிக்னல் குறுக்கிட்டதால் எண் 4 வந்தால் ரைட்டை மறுபடி அழைக்கலாம். ஆனால் குளோஸ் அழைப்பில் அதே 4 வந்தால், லினக்ஸில் மறுபடி மூடக் கூடாது. கோப்பு எண் அப்போதே விடுவிக்கப்பட்டிருக்கும். இதற்குள் நிரலில் இணையாக ஓடும் வேறொரு திரெட் அதே எண்ணில் திறந்த கோப்பை நாம் மூடிவிட நேரும்.

மூடிய பிறகும் தரவு இயங்குதளத்தின் நினைவகத்தில்தான் இருக்கலாம். மின்சாரம் போனாலும் நிலைக்க வேண்டிய தரவென்றால், அதை டிஸ்கிலேயே எழுதவைக்கும் எஃப்சிங்க் அழைத்து, அதன் மதிப்பையும் பார்க்க வேண்டும். எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் அழைத்துப் பார்ப்போம் என்பது இயல்பான யோசனை, ஆனால் தவறான யோசனை. லினக்ஸில் டிஸ்குக்கு எழுதுவது தோற்ற பிறகு, அந்த நினைவகப் பக்கங்கள் எழுதப்பட்டவையாகவே குறிக்கப்பட்டுவிடலாம்; இரண்டாவது எஃப்சிங்க் "வெற்றி" என்று சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை உருவாக்குவோர் 2018-இல் இதை எதிர்கொண்டார்கள். பல ஆண்டுகள் அந்தத் தரவுத்தளம் மறுமுயற்சியின் வெற்றியை நம்பி இயங்கியிருந்தது. 2019 பிப்ரவரி வெளியீடுகள் முதல், எஃப்சிங்க் தோற்றால் சேவையகத்தையே நிறுத்தி, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுப்பதே அதன் இயல்பான நடத்தை. இவ்வளவு அனுபவம் உள்ளவர்களே இடறிய இடம் இது. ஆகவே எஃப்சிங்க் தோற்றால், நம்மிடம் உள்ள மூலத் தரவைக் கொண்டு புதிய கோப்பில் முதலிலிருந்து எழுதுவதே பாதுகாப்பு.

ஏற்கெனவே உள்ள கோப்பைப் புதுப்பிப்பதற்கு ஒரு நிலையான முறை உண்டு. இதைத் தொடரில் தனிப் பாடமாகவே சொல்லித்தரலாம். பழைய கோப்பை எழுதும் முறையில் திறக்காதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி, பஃபரை வெளியே தள்ளி, எஃப்சிங்க் செய்து, மூடி, ஒவ்வொரு படியிலும் மதிப்பைப் பார்த்து, எல்லாம் சரியென்றால் மட்டும் ரீனேம் மூலம் பழைய பெயரைக் கொடுக்க வேண்டும். அதன் பின் ஃபோல்டரையும் ஒருமுறை எஃப்சிங்க் செய்ய வேண்டும்; பெயர் மாறிய தகவல் இருப்பது ஃபோல்டரில்தான். நடுவில் எந்தப் படி தோற்றாலும் தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டால் போதும், பழையது அப்படியே இருக்கும். எஃப்சிங்கைத் தவிர்த்துவிட்டு ரீனேம் மட்டும் செய்ததன் விளைவு 2009-இல் லினக்ஸின் எக்ஸ்டி4 கோப்பு முறைமை (டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) பரவத் தொடங்கியபோது தெரிந்தது. கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தால் அமைப்புக் கோப்புகள் 0 பைட்டாகக் கிடந்தன. பெயர் மாற்றம் டிஸ்கில் ஏறிவிட்டது, உள்ளடக்கம் ஏறவில்லை. அதே ஆண்டு லினக்ஸ் 2.6.30-இல் இதற்கு ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது என்றாலும், எல்லாக் கோப்பு முறைமைகளிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்த முறையிலும் சில இடறல்கள் உண்டு. தற்காலிகக் கோப்பைப் பொதுவான தற்காலிக ஃபோல்டரில் வைத்தால், அது வேறு கோப்பு முறைமையாக இருக்கும்பட்சத்தில் ரீனேம் எண் 18 பிழையோடு தோற்கும். எம்கேஎஸ்டெம்ப் ஃபங்ஷன் உருவாக்கும் தற்காலிகக் கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்க முடியும். பழைய கோப்பின் அனுமதிகளை அதற்கும் கொடுக்காவிட்டால், மற்றவர்கள் நேற்றுவரை படித்த கோப்பு இன்று 13 என்று கைவிரிக்கும். பழைய பெயர் வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க் என்றால் ரீனேம் அந்த லிங்கையே மாற்றிவிடும். உண்மையான பாதையைக் கண்டறிந்து அங்கே செய்ய வேண்டும். விண்டோஸில் சி மொழியின் ரீனேம், இலக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தால் தோற்கும். பைத்தானில் ஓஎஸ் தொகுதியின் ரீபிளேஸ் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் மேலெழுதும்.

"இதெல்லாம் சி மொழிக்காரர்களின் கவலை, புதிய மொழிகள் தாமே பார்த்துக்கொள்ளும்" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. ஜாவாவின் பிரிண்ட்ரைட்டர் எழுதும்போது வரும் ஐஓஎக்செப்ஷனை வெளியே விடுவதே இல்லை. செக்எரரை நாம் அழைத்துக் கேட்டால்தான் சொல்லும். ஃபைல் வகுப்பின் டெலீட் தோற்றால் ஃபால்ஸ் என்று மட்டும் தரும், காரணம் தராது. ஜாவா 7-இல் வந்த ஃபைல்ஸ் வகுப்பின் டெலீட் காரணத்தோடு எக்செப்ஷன் எழுப்பும். சி++ மொழியின் ஓஎஃப்ஸ்டிரீம் தானாக மூடும்போது வரும் பிழை காற்றோடு போகிறது. குளோஸை நாமே அழைத்து ஃபெயில் நிலையைப் பார்க்க வேண்டும். கோ மொழியில், ஃபங்ஷன் முடியும்போது ஓடவைக்கும் டிஃபர் போட்டு மூடினால் குளோஸ் தரும் பிழை கைவிடப்படுகிறது. பிழையைக் கவனிக்காவிட்டால் எச்சரிக்கும் ரஸ்ட் மொழியில்கூட, பஃப்ரைட்டர் தானாக விடுவிக்கப்படும்போது வரும் பிழை கண்டுகொள்ளப்படாது. ஃபிளஷை வெளிப்படையாக அழைத்தாக வேண்டும். பைத்தானின் வித் அமைப்பு மூடும்போது வரும் பிழையை எழுப்பவே செய்கிறது. ஆனால் டிரை பகுதியை வித்துக்கு உள்ளே வைத்தவர்களுக்கு அது பிடிபடாது, ஏனெனில் மூடல் நடப்பது வித் முடியும் இடத்தில். டிரை வெளியே, வித் உள்ளே என்பதுதான் சரியான வரிசை. எல்லா மொழிகளிலும் மிகக் கேடான பழக்கம், எக்செப்ஷனைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடும் காலி கேட்ச் பகுதி. சரிசெய்ய வழி தெரியாத இடத்தில் பிழையைப் பிடிக்கவே வேண்டாம். மேலே உள்ள ஃபங்ஷனுக்குப் போகட்டும், அங்கே முடிவெடுக்கத் தேவையான தகவல் இருக்கும்.

எதற்கு மறுமுயற்சி செய்யலாம், எதற்குக் கூடாது என்பதும் பிழை எண்ணைப் பொறுத்ததே. விண்டோஸில் வைரஸ் தடுப்பு நிரல் ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் நொடியில் நாம் திறந்தால், வேறொரு நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் விண்டோஸின் சொந்தப் பிழை எண் 32 வரலாம். சிறிது காத்திருந்து சில முறை முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். அனுமதி இல்லை, இடமில்லை, கோப்பே இல்லை என்ற பிழைகளுக்கு வளையம் போட்டுச் சுற்றுவது வீண். பயனாளரிடம் சொல்ல வேண்டும்.

தொடரை எழுதுகிறவரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த பகுதிகளில் மாதிரி நிரல்களை, மூடும் அழைப்புவரை சோதனையோடு வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் நிரல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயிற்சியாக, மாணவர்கள் தங்கள் நிரலைத் தோல்விகளுக்கு நடுவே ஓட்டிப் பார்க்கட்டும். /டெவ்/ஃபுல் சோதனைக்கு எந்தச் சிறப்பு அனுமதியும் தேவையில்லை. யுலிமிட் கட்டளையால் திறக்கும் கோப்புகளின் வரம்பை 10 ஆக்கினால் எண் 24 உடனே வரும். நிர்வாகி அனுமதி இருந்தால் 1 எம்பி அளவில் டெம்ப்எஃப்எஸ் (நினைவகத்திலேயே இயங்கும் கோப்பு முறைமை) ஒன்றை மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, அதில் எழுதவிடலாம். நிரலின் இயங்குதள அழைப்புகளைக் கண்காணிக்கும் எஸ்டிரேஸின் இன்ஜெக்ட் வசதியால் மூன்றாவது ரைட் அழைப்பில் மட்டும் எண் 28 பிழையை வரவழைக்கலாம். அனுமதிப் பிழையைச் சோதிக்கும்போது மட்டும் ரூட் என்ற நிர்வாகிப் பயனராக இருக்கக் கூடாது. ரூட்டுக்கு அனுமதித் தடைகள் பொருந்தாது என்பதால் கோப்பு தடையின்றித் திறந்துவிடும், சோதனை எதையும் சோதித்திருக்காது. கன்டெய்னர்களுக்குள் ஓட்டுகிறவர்கள் பலர் தாங்கள் ரூட்டாக இருப்பதையே கவனிப்பதில்லை; ஓட்டும் முன், எந்தப் பயனர் என்று சொல்லும் ஹூஅம்ஐ கட்டளையிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தொடரின் வாசகர் ஒருவர்